தில்லானா மோகனாம்பாளை நாவலாகப் படித்தவர்கள் யாராவது? (கொத்தமங்கலம் சுப்பு பற்றி)

கல்லணைக்காரன்:
‘தில்லானா மோகனாம்பாள்’ என்றதும் எல்லோருக்கும் சிவாஜி, பத்மினி, நாகேஷ், மனோரமா, பாலையா என்று வரிசையாக முகங்கள் வந்துவிடும். 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற பெயரில் அது வாரத்தொடராக வந்தது, கோபுலு படம் போட்டார், எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. இதெல்லாம் கூடப் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெரிய நாவலை உட்கார்ந்து படித்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் சந்தேகம்.

சுப்பு (1910–1974) செய்த வேலைகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஜெமினி ஸ்டுடியோவில் எஸ்.எஸ். வாசனுக்கு வலது கை. ‘கண்ணம்மா என் காதலி’ (1945), ‘மிஸ் மாலினி’ (1947), ‘ஔவையார்’ (1953) ஆகியவற்றை இயக்கினார். ‘சந்திரலேகா’வின் கதைக் குழுவில் இருந்தார், அதற்குப் பாட்டும் எழுதினார். நடித்தார். காந்தியின் வாழ்க்கையை நாட்டுப்புற மெட்டுப் போக்கில் பாட்டாகவே எழுதினார், வில்லுப்பாட்டாக மேடையில் பாடினார். நடுவில் நாவல்களும்.

நாவல், பாட்டு, சினிமா மூன்றிலும் கால் வைத்தவர்கள் தமிழில் வேறு யாரும் இல்லை என்று சொல்லவில்லை. மூன்றிலும் இவ்வளவு ஆழமாக இறங்கியவர் குறைவு. ஆனாலும் நாவலாசிரியர்கள் பட்டியல் போடும்போது இவர் பெயர் வருவதில்லை. ஏன்?

என் கட்சி இது: அவருக்கு மூன்றும் ஒரே வேலை. எழுதியதெல்லாம் காதுக்காக. எதிரே நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதிய மனிதர். மௌனமாகப் படிக்கும் வாசகனுக்காக எழுதப்பட்ட நாவலை அளக்கும் கோலால் அவரை அளந்தால் கணக்குத் தப்பத்தான் செய்யும். படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏட்டுச்சுரைக்காய்:
படித்திருக்கிறேன். பட்டியலில் வராததற்குக் காரணம் எளிது. நீளம். வாரத்தொடர் என்பதால் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு கொக்கி. அடுத்த வாரம் அந்தக் கொக்கியை அவிழ்க்க இரண்டு பக்கம், மறந்திருப்பார்கள் என்று போன வாரக் கதையைத் தொட்டுக்காட்ட இன்னும் கொஞ்சம். புத்தகமாகப் படிக்கும்போது இதெல்லாம் சுமை. காதலர்கள் சேரப்போகிறார்கள் என்றால் ஒரு வில்லன் வருவான், அவன் போனால் இன்னொருவன். ‘காதுக்காக எழுதினார்’ என்பது அழகான வாதம்தான். காதுக்கும் ஒரு அளவு உண்டு சார்.

---

நடைபாதைநூல்:
சுப்புவைப் பற்றி எழுதப்பட்டதிலேயே சிறந்தது ஒரு நாவலாசிரியர் எழுதியதுதான். அசோகமித்திரன் ஜெமினியில் 1952 முதல் 1966 வரை வேலை பார்த்தார். செய்தித்தாள்களை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. அந்தக் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பின் ஒரு பகுதி சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இருக்கிறது. வடநாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கொத்தமங்கலம் சுப்பு யார் என்று தெரியும், நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இது தனிக்கதை.

அதில் வரும் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தயாரிப்பாளர் ஒரு விசித்திரமான காட்சியைச் சொல்கிறார்: எலி ஒன்று பெண்புலியைக் கொன்றுவிடுகிறது, அப்புறம் புலிக்குட்டிகள் மேல் இரக்கப்பட்டு வளர்க்கிறது, இதை எப்படி எடுப்பது? சுப்பு உடனே நாலு வழி சொல்வார். திருப்தி இல்லை என்றால் அடுத்த நிமிஷம் இன்னும் பதினாலு. இப்படி ஒருவர் கூட இருந்தால் சினிமா எடுப்பது எவ்வளவு சுலபம் என்று அசோகமித்திரன் எழுதுகிறார். கிண்டலும் பாராட்டும் சரிபாதி.

அதே கட்டுரையில் சுப்புவின் சினிமா வெற்றி அவருடைய இலக்கியத்தை மறைத்துவிட்டது என்றும் சொல்கிறார். சுப்பு உயர்ந்த வடிவங்களில் கவிதை எழுதக்கூடியவர், தெரிந்தேதான் பாமர மக்களுக்காக எழுதினார் என்கிறார். மோகனாம்பாளில் வரும் எக்கச்சக்கமான பாத்திரங்களைக் கைதேர்ந்தவராக வரைந்திருக்கிறார், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தேவதாசிகளின் உலகத்தை அதன் மனநிலையோடும் தோரணையோடும் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று மெச்சுகிறார். லேசில் யாரையும் புகழாதவர் அசோகமித்திரன். அவர் நடைக்கும் சுப்பு நடைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அப்படிப்பட்டவர் சொன்னதால் அதற்கு எடை அதிகம்.

---

ஏட்டுச்சுரைக்காய்:
எலிக்குப் பதினாலு வழி சொன்னவர் நாவலிலும் பதினாலையும் எழுதிவிட்டார் என்பதுதான் என் குறை. :)

---

மல்லாரி:
நான் நாயனக்காரர்கள் வீட்டுப் பிள்ளை. நான் வாசிப்பதில்லை, தாத்தாவோடு போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

இந்தத் தொழிலைப் பற்றி எழுதும் பலர் நாதஸ்வரம் என்றால் ஒரு ஆள், ஒரு குழல் என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். அது ஒரு ஊர்வலம். இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதிக்கு ஒத்து, தாளம். இவர்களுக்குப் பெட்டி தூக்கும் ஆள், இரட்டை மாட்டு வண்டி அல்லது ரயில், தங்கும் இடம், சாப்பாடு, சம்பாவனையில் பங்கு பிரிக்கும் தகராறு. நாதஸ்வரம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைவது. வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணலில் செய்வது. சீவாளி சரியாக அமையவில்லை என்றால் எவ்வளவு பெரிய வித்வானும் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது, உதட்டில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தவில்காரர் வலது விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடது கையில் கழியோடு, நாயனக்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சுப்புவுக்கு இந்த உலகம் தெரிந்திருக்கிறது. முக்கியமாக நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் இருக்கும் உறவு. கணவன் மனைவி மாதிரி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்: சண்டை ஓயாது, பிரியவும் மாட்டார்கள். நாவலில் நாயனக்காரர் சண்முகசுந்தரமும் தவில்காரர் முத்துராக்கும் அப்படித்தான். சிவாஜி–பாலையா ஜோடி படத்தில் நின்றதற்குப் பாதிக் காரணம் அந்த உறவு எழுத்திலேயே சரியாக இருந்ததுதான்.

இன்னொன்று, மரியாதை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் காலமானார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் இந்தத் தொடர் வருகிறது. நாயனக்காரன் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்த காலத்தில் கிராப்பும் கோட்டுமாக வந்து உட்கார்ந்து வாசித்தவர் அவர். சண்முகசுந்தரம் அவர்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘என் வாத்தியத்துக்கு மதிப்புக் கொடுக்காத இடத்தில் வாசிக்க மாட்டேன்’ என்ற அந்த வீம்பு, அன்றைக்கு வாசகனுக்குத் தெரிந்த வீம்பு. படம் தொடங்கும்போது வாணவேடிக்கைக்காகக் கூட்டம் கலைகிறது, அவர் வாசிப்பை நிறுத்துகிறார். இன்றைக்கு அதைக் கதாநாயகன் திமிர் என்று பார்க்கிறோம். அன்றைக்கு அதற்குப் பின்னால் ஒரு சாதியின் வலி இருந்தது.

---

சும்மாவாசகன்:
படத்தில் வாசித்தது யார்? சிவாஜி நிஜமாகவே வாசித்தாரா என்று சின்ன வயதில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

---

மல்லாரி:
மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இசை கே.வி. மகாதேவன். சிவாஜி அவர்கள் வாசிப்பதைக் கூர்ந்து பார்த்துக் கன்னம், கழுத்து நரம்பு, மூச்சு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். விரல் சில இடத்தில் தப்பும். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

---

மீனலோசனி:
எல்லோரும் நாயனக்காரரைப் பற்றியே பேசுகிறீர்கள். தலைப்பில் இருப்பவள் நாட்டியக்காரி மோகனா.

சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல். அதற்குப் பத்து வருஷம் கழித்து, அந்தக் குலத்துப் பெண் ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்து லட்சக்கணக்கான குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் தொடர் எழுதியது சாதாரண விஷயம் அல்ல. அதற்கு முன்னால் இந்த உலகத்தை நாவலாக எழுதியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1936இல் ‘தாசிகள் மோசவலை’. அவர் அந்த வாழ்க்கைக்குள்ளிருந்து வந்தவர். அது கோபத்தில் எழுதியது: இந்த முறை ஒழிய வேண்டும், அவ்வளவுதான். சுப்பு எழுதியதில் கோபம் இல்லை, ஏக்கம் இருக்கிறது. கலை வேண்டும், கலைக்குப் பின்னாலிருந்த ஏற்பாடு வேண்டாம். அதனால் அவர் கண்டுபிடித்த வழி, மோகனாவை ஒருவனையே நினைக்கும் பத்தினியாக்குவது. அம்மா வடிவாம்பாள் பழைய ஏற்பாட்டின் முகம், மகள் புதிய ஒழுக்கத்தின் முகம். சண்முகசுந்தரம் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பான், அவள் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

படம் இதை இன்னும் இறுக்கியது. பத்மினியின் முகத்தில் ஓடும் வலியை வைத்து நாம் மன்னித்துவிடுகிறோம். எனக்கு நாவலில் பிடித்தவள் மோகனா இல்லை, ஜில் ஜில் ரமாமணி (படத்தில் மனோரமா). யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லாதவள். சுப்புவுக்கும் அவளை எழுதும்போது கை லேசாகிவிடுகிறது. அவளுக்கு ஒழுக்கச் சான்றிதழ் கொடுக்கும் பொறுப்பு ஆசிரியருக்கு இல்லை அல்லவா?

---

கல்லணைக்காரன்:
ரமாமணி பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. சவடால் வைத்தியும் (படத்தில் நாகேஷ்) அப்படியே. அவன் செய்வது தரகு வேலை, அயோக்கியத்தனம். ஆனால் வாயைத் திறந்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இதைத்தான் காது என்கிறேன். நல்லவர்களை விடப் பேசத் தெரிந்தவர்கள் மேல் சுப்புவுக்கு ஆசை அதிகம்.

---

இசைத்தட்டு:
பாட்டுப் பக்கம் யாரும் வரவில்லையே, நான் வருகிறேன்.

‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ 1958. வைஜயந்திமாலாவும் பத்மினியும் போட்டி போட்டு ஆடும் பாட்டு, நடுவில் பி.எஸ். வீரப்பா ‘சபாஷ், சரியான போட்டி’ என்பாரே, அந்தப் பாட்டை எழுதியவர் சுப்பு. இசை சி. ராமச்சந்திரா. இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1950களின் பிற்பகுதியில் விகடனில் ஆட்டத்துக்கும் நாயனத்துக்கும் போட்டி என்று ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்த மனிதர், அதே காலத்தில் ஸ்டுடியோவில் ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் போட்டி என்று ஒரு பாட்டு எழுதுகிறார். பத்து வருஷம் கழித்து அதே பத்மினி மோகனாவாக வந்து இன்னொரு போட்டியில் ஆடுகிறார்.

போட்டி என்பது சுப்புவுக்குச் சும்மா ஒரு கதைத் திருப்பம் அல்ல. நம் கச்சேரி மரபே அப்படித்தான். தனி ஆவர்த்தனத்தில் இரண்டு தவில்கள் கேள்வி பதிலாக வாசிப்பது, லாவணியில் எதிரெதிராகப் பாடும் எரிந்த கட்சி எரியாத கட்சி, தெம்மாங்கில் எசப்பாட்டு. ஒருவர் போடுவார், மற்றவர் எடுக்க வேண்டும். நாவலின் உரையாடல்களை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். வைத்தி ஒன்று சொன்னால் முத்துராக்கு ஒன்று சொல்வார், கடைசியில் ஒருவர் தீர்மானம் வைத்து முடிப்பார். ஏட்டுச்சுரைக்காய் ‘நீளம்’ என்று சொல்லும் இடங்களில் பாதி இப்படிப்பட்ட எசப்பாட்டு.

‘மிஸ் மாலினி’ பாட்டுகளையும் தேடிக் கேளுங்கள். யுத்தம் முடிந்து ரேஷன், கியூ, சர்க்கரைத் தட்டுப்பாடு என்று மக்கள் அலைந்த காலம். அதை அப்படியே பேச்சுத் தமிழில் பாட்டாக்கியிருக்கிறார். கதை ஆர்.கே. நாராயண் சினிமாவுக்காக எழுதியது. இயக்கம் சுப்பு, சம்பத்தாக நடித்ததும் சுப்பு. ஜெமினி கணேசன் சின்ன வேடத்தில் அறிமுகமானதும் இதில்தான். படத்தின் பிரதி இன்றைக்குக் கிடைப்பதில்லை. பாட்டு மட்டும் இசைத்தட்டில் தப்பிப் பிழைத்தது. பிறகு வாசன் 1952இல் இந்தியில் ‘மிஸ்டர் சம்பத்’ எடுத்தார். அதில் மோதிலால். அதைப் பார்க்கும்போதெல்லாம் சுப்பு எப்படிச் செய்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

---

சும்மாவாசகன்:
தொலைக்காட்சியில் வில்லுப்பாட்டுப் பாடுவாரே, தலையில் நரை, பக்கத்தில் குடும்பத்தோடு, அவர்தானே? 90களில் பார்த்த ஞாபகம்.

---

நடைபாதைநூல்:
அவர் சுப்பு ஆறுமுகம். திருநெல்வேலிச் சீமைக்காரர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்து வந்தவர், 2021இல் பத்மஸ்ரீ வாங்கி 2022இல் காலமானவர். கொத்தமங்கலம் சுப்பு 1974லேயே போய்விட்டார். பெயரும் வில்லும் ஒன்று என்பதால் இருவரையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

---

பழையபட்டறை:
சினிமாவில் கொஞ்ச நாள் உதவி இயக்குநராக இருந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. தன் நாவலை சுப்பு ஏன் தானே எடுக்கவில்லை? ‘ஔவையார்’ மாதிரி ஒரு மலையை இழுத்தவர். கே.பி. சுந்தராம்பாளை வைத்து, யானைக்கூட்டம் கோட்டையை உடைக்கும் காட்சியெல்லாம் எடுத்தவர். முடியாது என்று சொல்ல முடியாதே.

---

கல்லணைக்காரன்:
அதற்குப் பதில் பணத்திலும் உரிமையிலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜெமினிக்கும் வாசன்தான் முதலாளி, விகடனுக்கும் வாசன்தான் முதலாளி. சுப்பு சம்பளக்காரர். காலையில் ஸ்டுடியோவுக்குக் கதை, ராத்திரி பத்திரிகைக்குத் தொடர், இரண்டும் ஒரே வீட்டுக்குள். படமாக்கும் உரிமையை நாகராஜன் கேட்டு வாங்கியது வாசனிடம்தான். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் எழுத்தாளன் ‘நானே எடுக்கிறேன்’ என்று கிளம்புவது நடக்கிற காரியமா?

ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலைத் தானே படமாக எடுத்தார், 1965இல். ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்குப் பாட்டு எழுதினார். அவருக்கும் மூன்று துறையிலும் கால் உண்டு. ஆனால் ஸ்டுடியோவுக்கு வெளியே நின்று, தோழர்களோடு சேர்ந்து, குறைந்த பணத்தில். யாருக்கும் கைகட்ட வேண்டியதில்லை. படம் ஓடாததையும் அவர் கௌரவமாகவே எடுத்துக்கொண்டார். சுப்புவுக்கு அந்த வழி இல்லை, அந்தச் சுபாவமும் இல்லை. அவருக்குக் கூட்டம் வேண்டும்.

கல்கி நடுவில் இருக்கிறார். ‘மீரா’வுக்குப் பாட்டு எழுதினார், இசை விமர்சனம் எழுதினார், தமிழிசைக்காகச் சண்டை போட்டார். ‘தியாகபூமி’ (1939) விகடனில் தொடராக வந்தபோது படக் காட்சிகளையே கதைக்குப் படமாகப் போட்டார்கள். ஆனால் கல்கி இயக்குநர் நாற்காலியில் உட்காரவில்லை.

---

பழையபட்டறை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுப்பு எடுக்காமல் நாகராஜன் எடுத்ததே நல்லது.

காரணம், நாவலில் சுப்பு எதையும் விட மனமில்லாதவர். பட்டறையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், உனக்குப் பிடித்த காட்சியை வெட்டு என்பது. நாகராஜன் வெளியாள். அதனால் வெட்ட முடிந்தது. அவ்வளவு பெரிய நாவலிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு முதுகெலும்பு: கோயிலில் சந்திப்பு, சவால், போட்டி, விஷக் கத்தி, ‘நலந்தானா’, மதன்பூர் மகாராஜா, முடிவு. ‘நலந்தானா’ பாட்டு கண்ணதாசனுடையது, சுசீலா பாடியது. அடிபட்டுக் குணமாகி வந்தவனிடம் சபையில் எல்லோர் முன்னாலும் நேரே கேட்க முடியாது. ஆடுபவள் பாட்டில் கேட்கிறாள், அவன் நாயனத்தில் பதில் சொல்கிறான். இசைத்தட்டு சொன்ன எசப்பாட்டு, அதன் உச்சம். சுப்புவின் மனசைப் புரிந்துகொண்டு வேறொருவர் எழுதிய பாட்டு, வேறொருவர் எடுத்த காட்சி. அவருடைய நாவல் இசையாகவே எழுதப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ரயில் காட்சியை மட்டும் பாருங்கள். வசனம் அதிகம் இல்லை. கண்ணும் விளக்கும்தான். பேச்சை நம்பிய ஆசிரியரின் கதையில் பேச்சு இல்லாத காட்சிதான் இன்றைக்கும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. சுப்பு எடுத்திருந்தால் அங்கேயும் யாராவது பேசியிருப்பார்கள்.

---

ஏட்டுச்சுரைக்காய்:
கடைசி வாக்கியத்துக்காக உங்களுக்கு ஒரு காப்பி வாங்கித் தரலாம்.

---

மீனலோசனி:
பழையபட்டறை சொல்வதில் எனக்குப் பாதிதான் சம்மதம். வெட்டும்போது போனது யார் என்று பார்க்க வேண்டாமா? கதாநாயகன் கதாநாயகியைச் சுற்றியிருந்த கூட்டம்தான் போனது. அந்தக் கூட்டம்தான் நாவலின் உயிர். அசோகமித்திரன் மெச்சியதும் அந்தக் கூட்டத்தைத்தான். முதுகெலும்பை மட்டும் எடுத்தால் கிடைப்பது ஒரு காதல் கதை. சந்தேகப்படும் ஆணும் நிரூபிக்கும் பெண்ணும். நாவலில் அந்தச் சந்தேகத்தைச் சுற்றி நாலு பேர் கேலி செய்துகொண்டிருப்பதால் அதன் விஷம் குறைகிறது.

---

இசைத்தட்டு:
இது நல்ல வாதம். பக்கவாத்தியம் இல்லாமல் பாட்டை மட்டும் கேட்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

புனைபெயர் பற்றி யாருக்காவது கருத்து உண்டா? ஊர் முழுக்கத் தெரிந்த சினிமாக்காரர், காந்தி மகான் கதை எழுதியவர், நாவலுக்கு மட்டும் ஏன் ‘கலைமணி’?

---

நடைபாதைநூல்:
என் ஊகம்தான்: நடிகர், ஜெமினி ஆள் என்ற முத்திரை அவர் மேல் பலமாக விழுந்திருந்தது. கொத்தமங்கலம் சுப்பு என்று போட்டால் வாசகன் முதல் வரியிலிருந்தே சினிமாவை எதிர்பார்ப்பான். வேறு பெயரில் வந்தால் கதையைக் கதையாகப் படிப்பான். கடைசியில் அந்த உத்தி பலிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அந்தக் கதையே அவரை நிரந்தரமாகச் சினிமாவோடு கட்டிப்போட்டது.

கோபுலுவையும் மறக்கக் கூடாது. தஞ்சாவூர்க்காரர், கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். நாயனக்காரர் உட்காரும் விதம், தவில்காரர் குடுமி, நட்டுவனார் தாளம் தட்டும் கை எல்லாம் அவர் கோட்டில் வந்துவிட்டது. பழைய விகடன் பக்கங்களைப் பார்த்தால், படத்தின் முகங்கள் அங்கேயே தயாராக இருப்பது போலத் தோன்றும்.

---

மல்லாரி:
கோபுலு வரைந்த தவில்காரர் எங்கள் பெரிய தாத்தா மாதிரியே இருப்பார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் அண்ணனுக்கு ஒன்று. நீளம் நீளம் என்கிறீர்களே, ராத்திரி சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்து, நாலு வீதியும் சுற்றி, விடியும்போது நிலைக்கு வரும் வரைக்கும் வாசிப்பவர்கள் நாங்கள். தோடியை மட்டும் மணிக்கணக்காக ஆலாபனை செய்வார்கள். யாரும் ‘சீக்கிரம் முடி’ என்று சொன்னதில்லை. நடுவில் எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வருவார்கள், அப்போதும் அதே ராகம் ஓடும். அந்த உலகத்தைப் பற்றி எழுதிய நாவல் அந்த உலகத்தின் வேகத்திலேயே நடக்கிறது. கடகடவென்று முடிந்திருந்தால்தான் எனக்கு உறுத்தியிருக்கும்.

---

ஏட்டுச்சுரைக்காய்:
தம்பி, இது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. ஆனால் ஆலாபனையில் திரும்பத் திரும்ப வருவது ஒரே ஸ்வரம் இல்லை, ஒவ்வொரு தடவையும் புதுப் பிடி. சுப்புவில் மூன்றாவது வில்லன் வரும்போது அது புதுப் பிடி இல்லை. இந்த ஒரு இடத்தில் நான் இறங்கி வர மாட்டேன். எசப்பாட்டு உரையாடல்கள் நீளமானாலும் போரடிப்பதில்லை என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். குறை பேச்சில் இல்லை, சம்பவத்தில்.

---

கல்லணைக்காரன்:
அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். சம்பவங்களை இட்டுக்கட்டியது வாரப் பத்திரிகைக்காக, பேச்சு அவருக்காக. படிக்கும்போதே எந்தப் பக்கம் எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை: வாய்விட்டுப் படியுங்கள். இல்லை, வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் காலத்தில் விகடன் வந்தவுடன் பல வீடுகளில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதுதான் வழக்கம். வைத்தி பேசும் பக்கங்களில் உங்கள் குரல் தானாக மாறும்.

---

சும்மாவாசகன்:
அம்மாவிடம் கேட்டேன். ‘ராவ்பகதூர் சிங்காரம்’தான் அவர்களுக்குப் பிடித்ததாம், மோகனாம்பாள் இரண்டாவதுதானாம். அதுவும் இவர் எழுதியதா?

---

நடைபாதைநூல்:
ஆமாம், அவருடையதுதான். அதையும் நாகராஜன் ‘விளையாட்டுப் பிள்ளை’ என்று 1970இல் எடுத்தார், அதே சிவாஜி, பத்மினி. மோகனாம்பாள் அளவுக்கு நிற்கவில்லை. உங்கள் அம்மாவிடம் புத்தகம் இருந்தால் எந்தப் பதிப்பு என்று கேட்டுச் சொல்லுங்கள். கோபுலு படங்களோடு இருக்கிறதா என்பதையும்.

---

சும்மாவாசகன்:
புத்தகம் இல்லையாம். விகடனிலிருந்து கிழித்துத் தைத்த கட்டு ஒன்று பரணில் இருக்கிறதாம், நடுவில் சில வாரங்கள் காணாமல் போயிருக்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்கிறேன்.

---

ஏட்டுச்சுரைக்காய்:
காணாமல் போன வாரங்கள் இல்லாமலேயே கதை புரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். என் வாதத்துக்கு உதவும்.